வியாழக்கிழமையின் ரத்தம்

கண்ணாடித் தடுப்பில் பேசுவதற்காக வெட்டியிருந்த வட்டத் துளை, நிற்பவரின் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அதனால் பில் பிரிவுக்கு வருகிற யாரும் குனிந்துதான் கோபப்பட வேண்டும். அன்று காலை முதலில் குனிந்தது ஒரு பெண். அவளுக்குப் பின்னால் சட்டையின் மேல் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக அவள் கணவர் நின்றிருந்தார். பேருந்து ஓட்டுநர்களின் சீருடைச் சட்டை.

"ஏம்மா, ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை இவரோட ரத்தம் மட்டும் தனியாக் கிளம்பி உங்க ஆஸ்பத்திரிக்கு வந்துச்சா?"

உள்ளே உட்கார்ந்திருந்தவளை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பென்சில் என்றுதான் கூப்பிடுவார்கள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பாள். ஆள் வாகும் அப்படித்தான். எல்லாம் கணினியில் என்றான பிறகு அந்தப் பென்சிலுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை.

"புரியலைங்க. என்ன ஆச்சு?"

"எனக்கும் புரியலைன்னுதானே வந்திருக்கேன்" என்று அவள் ஒரு தாளைத் தடுப்புக்கு அடியில் தள்ளினாள்.

ஊழியர்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கும் பேருந்து கம்பெனிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பிய தாள். ரத்தத்தில் பொட்டாசியம் பரிசோதனை: வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று, சனி ஒன்று, ஞாயிறு ஒன்று. எல்லாவற்றுக்கும் நேராக 'ஏற்கப்பட்டது' என்றிருந்தது.

"போன வாரம் வியாழக்கிழமை காலையில வாந்தி, மயக்கம்னு கூட்டிட்டு வந்தோம். பொட்டாசியம் கொறைஞ்சு போச்சுன்னு டிரிப் ஏத்தினாங்க. சாயங்காலம் சரியாயிருச்சு, நாளைக்கே வேலைக்குப் போலாம்னு டாக்டர் கைப்பட எழுதிக் குடுத்தாரு. வெள்ளிக்கிழமை இவரு வண்டி எடுத்தாரு. உங்க பில்லைப் பார்த்தா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கயே ரத்தம் குடுத்துக்கிட்டு இருக்காரு. அப்போ வெள்ளிக்கிழமை ராத்திரி என் பக்கத்துல படுத்துக் குறட்டை விட்டது யாரு?"

"ஏய், மெதுவா" என்றார் ஓட்டுநர்.

"நீங்க சும்மா இருங்க. ஞாயித்துக்கிழமை எங்கம்மா வீட்டுத் தண்ணித் தொட்டிக்குள்ள எறங்கிக் கழுவினது யாரு? அதையும் இவங்களே சொல்லட்டும். எங்கம்மா வாழ்க்கையில மொத தடவையா மாப்பிள்ளையைப் பாராட்டிச்சு. அது வேற ஆளுன்னு தெரிஞ்சா அதுக்கு என்ன ஆகும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஓட்டுநர் சிரிக்கவில்லை. மனைவியின் தோளுக்கு மேலாகக் குனிந்து, தனக்கே கேட்காத குரலில் பேசினார்.

"மேடம், சிகிச்சை முடியாம ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாதுன்னு எங்க கம்பெனியில விதி. இந்தப் பேப்பரைப் பார்த்துட்டு, நோயை மறைச்சு வண்டி எடுத்தேங்கிறாங்க. இல்லைன்னா என் பேர்ல வேற எவனோ ஓட்டியிருக்கணுங்கிறாங்க. எதுவா இருந்தாலும் வேலை போயிரும். மூணு மணிக்கு விசாரணை."

"டாக்டர் எழுதின லெட்டரைக் காட்டலாமே?"

"காட்டினேன். ஆஸ்பத்திரி லெட்டரைக் காசு குடுத்தா யாரும் வாங்கலாம், இன்சூரன்ஸ் பேப்பர்ல என்ன இருக்கோ அதான் கணக்குன்னு சொல்லிட்டாங்க."

பென்சிலுக்குத் தாளைப் பார்த்தவுடனேயே விஷயம் புரிந்துவிட்டது. பில் பிரிவில் இதற்குப் பெயரே இருந்தது. 'காயப்போடுவது' என்பார்கள்.

ஒருவருக்கு ஒரே நாளில் ஒரே பரிசோதனையை இரண்டு தடவை எழுதி அனுப்பினால், கை தவறி இரண்டு முறை ஏறிவிட்டது என்று இன்சூரன்ஸ் கணினி முடிவு கட்டித் திருப்பிவிடும். தவறல்ல, வேண்டுமென்றேதான் மறுபடி பார்த்தோம் என்று சொல்வதற்கு வழி இல்லாமலில்லை. 'மறுபரிசோதனை' என்று ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் குறியிட்டு, ஏன் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது என்று டாக்டரிடம் ஒரு வரி வாங்கிச் சேர்க்க வேண்டும். அந்த ஒரு வரி வருவதற்குள் நோயாளிக்குக் குணமாகி, திரும்ப நோய் வந்து, திரும்பவும் குணமாகிவிடும். ஆகவே ஈரத்துணியைக் கொடியில் தள்ளித் தள்ளிப் போடுவதுபோல, ஒரு நாளின் பரிசோதனைகளை அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவார்கள். எல்லாம் சத்தமில்லாமல் காய்ந்துவிடும். வழக்கமாக நோயாளிகள் நாலைந்து நாளாவது படுத்திருப்பார்கள். அதனால் யார் கண்ணிலும் படாது.

இந்த ஓட்டுநர் மட்டும் அன்று சாயங்காலமே எழுந்து போய்விட்டார். பில்லில் இருந்த ஓட்டுநர் போகவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று காலிக் கட்டிலில் படுத்துக் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். பென்சிலுக்கு ஒரு கணம் அந்த ஆள் கண்முன் தெரிந்தார். பார்க்க யாரும் வராதவர். சன்னலுக்கு வெளியே தன்னுடைய பேருந்தைத் தானே ஓட்டிப் போவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

"உட்காருங்க. இப்ப வந்துடறேன்" என்று எழுந்தாள்.

பிரிவின் தலைவருக்கு 'அப்புறம் சார்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அந்தச் சொல்லில்தான் தொடங்குவார். அப்போதுதான் வந்து, மடக்குக் குடையை நாற்காலியின் முதுகில் மாட்டிக்கொண்டிருந்தார். பென்சில் நடந்ததைச் சொன்னாள். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அப்புறம் பார்க்கலாம்."

"மூணு மணிக்கு விசாரணை சார்."

"பணம் வந்தாச்சும்மா. வந்த பில்லைப் போய் ரத்து பண்ணுவியா? தூங்கிறவனை எழுப்பி உதை வாங்கணுமா?"

"அவரு வெள்ளிக்கிழமை இங்க இல்லவே இல்லை. நாமதான் அவரைப் படுக்க வெச்சிருக்கோம்."

"நாமன்னு சொல்லாதே. உன் பேர்லதான் பதிவாயிருக்கு."

"காயப்போடச் சொன்னது நீங்க!"

அப்புறம் சார் குரலைத் தாழ்த்தினார். "நான் என்ன, வேணும்னா ஆரம்பிச்சேன்? முன்னாடியெல்லாம் பில்லு பில்லாத் திரும்பி வரும். திரும்பினதை அப்படியே நோயாளி தலையில கட்டிடுவாங்க. ஒரு பொம்பளை இந்த மேசை மேலயே வளையலைக் கழட்டி வெச்சுச்சு. டாக்டரைக் கேட்டா ஃபோனை எடுக்க மாட்டேங்கிறாரு. அன்னைக்குத்தான் தேதியைத் தள்ளிப் போட்டேன். உடனே போயிருச்சு. அந்தக் கணினிக்குத் தேதிதாம்மா தெரியும், மனுஷனைத் தெரியாது."

பென்சிலுக்கு அவரைத் திட்டுவதா, அந்த வளையலுக்காக வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது. முழுதாகக் கோபப்படுவதற்குக்கூட இந்த இடத்தில் ஓர் ஆள் கிடைப்பதில்லை.

"உண்மையான நேரத்தை வாங்கிட்டு வரேன். நீங்க ரத்து பண்ண பாஸ்வேர்டு மட்டும் போடுங்க."

"அப்புறம்..." என்று அவர் தொடங்குவதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

பரிசோதனைக் கூடம் தரைக்கு அடியில் இருந்தது. அங்கே எப்போதும் ஏதோ ஒரு இயந்திரம் முனகிக்கொண்டிருக்கும். லேப் அக்கா கையுறையைக் கழற்றாமலே முழங்கையால் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, போன வாரத்து வியாழனைத் தேடி எடுத்தாள்.

"நாலும் வியாழக்கிழமைதான். அது சரி, ரெண்டாவதை எதுக்குடி பில்லுல போட்டீங்க?"

"ஏன்க்கா?"

"அது கெட்டுப்போன சாம்பிள். எடுக்கும்போதே ரத்த அணு ஒடைஞ்சுபோச்சு. ஒடைஞ்சா உள்ள இருக்கிற பொட்டாசியமெல்லாம் வெளிய வந்து தாறுமாறா ஏத்திக் காட்டும். அதான் தூக்கிப் போட்டுட்டு மறுபடி குத்தச் சொன்னேன். அந்த மனுஷன் பாவம், நம்ம தப்புக்கு ஒரு குத்து சேர்த்து வாங்கினாரு. அதுக்கு காசு வேறயா?"

"எங்க ஸ்கிரீன்ல நாலும் ஒரே மாதிரிதான்க்கா தெரியுது."

"உங்க ஸ்கிரீனுக்குக் கண்ணு இல்லைன்னா நான் என்ன பண்றது? கெட்டதுன்னு எழுதித்தான் விட்டிருக்கேன்."

"எங்க எழுதியிருக்கீங்க?"

"இங்க" என்று அவள் தன் திரையின் மூலையைக் காட்டினாள். அந்த மூலை பில் பிரிவின் திரைக்கு வந்து சேருவதில்லை. வருவதில்லை என்று இவளுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இத்தனை நாளும் ஒரே கட்டிடத்தில் இரண்டு பேரும் ஒரே நோயாளியை வெவ்வேறு சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஆக மூன்று. முதலாவது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க. மற்ற இரண்டும் மறுபரிசோதனை. அதற்குக் காரணம் வேண்டும், டாக்டரின் ஒரு வரி.

வார்டுக்கு ஃபோன் செய்தாள். சுற்று பார்க்கப் போயிருக்கிறார் என்றார்கள். வார்டுக்கே போனாள். இப்போதுதான் மேலே போனார் என்றார்கள். மேலே போனாள். கீழே தேநீர் குடிக்கப் போயிருப்பார் என்றார்கள். லிஃப்ட் ஒவ்வொரு தளத்திலும் நின்று, யாரும் ஏறாமல், யாரையோ நினைத்து வருந்துவதுபோல் மெல்லக் கதவை மூடியது. கடைசியில் படிக்கட்டில்தான் டாக்டர் அகப்பட்டார். ஒரு கையில் ஃபோன், இன்னொரு கையில் பாதி தின்ற பிஸ்கட்.

"டாக்டர், வியாழக்கிழமை வந்த பஸ் டிரைவர். பொட்டாசியம் ஏன் திரும்பத் திரும்பப் பார்த்தீங்க?"

"ஏனா? ஏறுதான்னு பார்க்கத்தான். அடுப்புல பாலை வெச்சுட்டு ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டுப் போயிடுவியா?"

"அதையே ஒரு வரி எழுதிக் குடுங்க டாக்டர்."

"பாலையா?"

"காரணத்தை."

"இதைக்கூடவா எழுதணும்? நீயே டைப் பண்ணிடு."

"உங்க லாகின்ல நீங்க போட்டாத்தான் செல்லும்."

ஃபோன் அடித்தது. அவர் பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு, நிச்சயமாக எழுதுவதாகத் தலையை ஆட்டியபடி படியேறிப் போய்விட்டார். பென்சில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவுதானா? ஏறுதா என்று பார்க்க. இந்த மூன்று சொற்கள் கிடைக்காமல்தான் இத்தனை பேரை இல்லாத நாட்களில் படுக்கவைத்து, இல்லாத ரத்தத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கத்த வேண்டும் போலிருந்தது. படிக்கட்டில் கத்தினால் எல்லாத் தளத்துக்கும் கேட்கும். கொண்டைப் பென்சிலை உருவி, சுவரில் ஒரு சின்னக் கோடு கிழித்துவிட்டு இறங்கினாள்.

அவள் திரும்பி வந்தபோது, அப்புறம் சார் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று ஓட்டுநரின் மனைவியிடம் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்புறம் அப்புறம்னா எப்போ சார்? இவருக்கு வேலை போனதுக்கு அப்புறமா?"

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா. நான் பார்க்காததை நான் எப்படிச் சொல்ல முடியும்? வெள்ளிக்கிழமை இவர் வண்டி ஓட்டினாரா, இங்க படுத்திருந்தாரா, எனக்கு எப்படித் தெரியும்?"

ஓட்டுநர் தலையைத் தூக்கி, முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தார். பிறகு அவர் பார்வை நாற்காலிக்குப் போனது.

"சார், அந்தக் குடை உங்களுதுதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"தினமும் இந்த ஆஸ்பத்திரி ஸ்டாப்புலதான் எறங்குவீங்க. வெள்ளிக்கிழமை குடையை சீட்லயே விட்டுட்டுப் போயிட்டீங்க. நான் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சேன். நீங்க திரும்பி வந்து, டிரைவர் சன்னல் வழியா வாங்கிட்டு, 'நல்லா இருப்பா'ன்னு சொல்லிட்டுப் போனீங்க."

அப்புறம் சார் குடையைப் பார்த்தார். அது அவரைக் காட்டிக்கொடுத்துவிட்ட மாதிரி, அவர் முகம் சுருங்கியது. அவர் குடையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்த அதே வெள்ளிக்கிழமையில்தான், அவருடைய பிரிவின் கணக்குப்படி, குடையைக் கொடுத்த கை மேல் தளத்தில் ஊசிக்கு நீட்டியபடி கிடந்தது.

"நல்லா இருப்பான்னு சொல்லிட்டு நல்லாத்தான் வெச்சீங்க" என்றாள் மனைவி.

"நான் சாட்சி லெட்டரெல்லாம் எழுத மாட்டேன்" என்று அப்புறம் சார் யாரையும் பார்க்காமல் முணுமுணுத்துக்கொண்டே பென்சிலின் கணினி முன்னால் வந்து குனிந்து, ஒரு விரலால் பாஸ்வேர்டைத் தட்டினார். "ரிஜெக்ட் ஆச்சுன்னா அப்புறம் என்கிட்ட வராதே."

பழைய பில் ரத்தானது. பென்சில் புதிதாகப் போட்டாள். வியாழன். வியாழன். வியாழன். ஒவ்வொன்றுக்கும் உண்மையான நேரம். கெட்டுப்போன சாம்பிளை விட்டுவிட்டாள். இரண்டில் மறுபரிசோதனைக் கட்டத்தில் குறியிட்டாள். காரணம் என்ற இடத்தில் டாக்டரின் வரி இன்னும் வந்திருக்கவில்லை. கடிகாரம் ஒன்றரையைத் தாண்டியிருந்தது. வார்டுக்கு இன்னொரு முறை அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. காலி இடத்தோடு அனுப்பினாள்.

போய்ச் சேர்ந்த வேகத்திலேயே பதில் வந்தது. சிவப்பு எழுத்தில்: நிராகரிக்கப்பட்டது.

பென்சில் நாற்காலியில் சாய்ந்தாள். பொய்யை அனுப்பியபோது ஒரு கேள்வி இல்லை, ஞாயிற்றுக்கிழமையைக்கூட வாங்கிக்கொண்டது. உண்மையை அனுப்பினால் ஒரு நிமிடம்கூட வைத்துப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் கோத்தது. அது துக்கமில்லை, வெறும் எரிச்சல். அதைத் துடைப்பதும் எரிச்சலாக இருந்தது.

"என்னம்மா ஆச்சு?" மனைவி துளைக்குள் முகத்தையே நுழைத்துவிடுவதுபோல் குனிந்தாள்.

"திருப்பிட்டாங்க. மன்னிச்சுருங்க. காரணம் இல்லாம ஒத்துக்க மாட்டாங்க. டாக்டர் போட்டதும் மறுபடி அனுப்பறேன். ஆனா காரணத்தை ஆளுங்க உக்காந்து படிச்சுப் பார்ப்பாங்க, பதில் வரப் பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்."

"திருப்பினதுக்குப் பேப்பர் ஏதாவது வருமா?"

"வரும். ஆனா அதை வெச்சுக்கிட்டு..."

"குடேன், பார்க்கலாம்."

அச்செடுத்துக் கொடுத்தாள். ஓட்டுநர் அதை வாங்கி, வண்டியின் பெயர்ப்பலகையைத் தூரத்திலிருந்து படிப்பவரைப்போல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெல்ல வாசித்தார். மேலே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் முத்திரை. பழைய பில் ரத்து. கீழே: மேற்கண்ட நோயாளிக்கு ஒரே பரிசோதனை வியாழக்கிழமை ஒரே நாளில் மூன்று முறை கோரப்பட்டுள்ளது. வேறு நாட்களில் கோரிக்கை எதுவும் இல்லை. காரணம் இல்லாததால் நிராகரிக்கப்பட்டது.

"ரிஜெக்ட்னு போட்டிருக்கே" என்றார் வாடிய குரலில்.

மனைவி தாளைப் பிடுங்கினாள். அவள் உதடு அசைந்தது. பிறகு தாளைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்ன போட்டிருக்குன்னு நல்லாப் பாருங்க. வியாழக்கிழமை. ஒரே நாள். வேற நாள்ல எதுவும் இல்லை. யாரு சொல்றது? ஆஸ்பத்திரியா? இன்சூரன்ஸ்காரனே சொல்றான். முத்திரையோட திட்டியிருக்கான்!"

"ஆனா திட்டித்தானே..."

"திட்டினா என்ன? எங்கம்மா உங்களைத் திட்டாத நாள் உண்டா, அதுக்காக நீங்க மாப்பிள்ளை இல்லைன்னு ஆயிருச்சா? வாங்க, பஸ்ஸைப் பிடிக்கணும்."

பாதி தூரம் போனவள் திரும்பி ஓடிவந்து துளையருகே குனிந்தாள். "ஏம்மா, இதுக்கு நாங்க கையிலேருந்து கட்டணுமா?"

"வேண்டாம். காரணம் சேர்த்து நான் திரும்ப அனுப்பறேன்."

"எப்போ?"

பென்சிலுக்கு நாக்கின் நுனிவரை ஒரு சொல் வந்தது. அதை விழுங்கினாள். "இன்னைக்கே."

அன்று மாலைவரை அவள் வார்டுக்கு எத்தனை முறை அடித்தாள் என்று ஃபோனுக்குத்தான் தெரியும். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் டாக்டரின் வரி திரையில் வந்து விழுந்தது: 'டிரிப்புக்குப் பின் அளவு ஏறுகிறதா என்று அறிய.' பால் இல்லை. ஒரு முற்றுப்புள்ளிகூட இருந்தது. மறுபடி அனுப்பினாள். 'பரிசீலனையில்' என்று வந்தது. சிவப்பில்லை, பச்சையுமில்லை, வெறும் சாம்பல் நிறம்.

அடுத்த கோப்பு ஒரு குழந்தையுடையது. ஒரே நாளில் மூன்று முறை சர்க்கரைப் பரிசோதனை. பழக்கத்தில் விரல் அடுத்த நாளுக்குப் போனது. இழுத்துப் பிடித்து, ஒரே தேதியை மூன்று முறை அடித்தாள். அதற்கடுத்தடுத்த கோப்புகளிலும் அப்படியே. எல்லாமே சிவப்பில் திரும்பி வந்தன.

மறுநாள் காலை வாசல் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. இரண்டு முறை. யாரையோ கூப்பிடுகிற மாதிரி. பென்சில் சன்னலுக்குப் போனாள். கையில் குடை இல்லாமல் இறங்கியிருந்த அப்புறம் சார் பாதி வழியிலிருந்து திரும்பிப் பேருந்தை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தார். ஓட்டுநர் சன்னலிலிருந்து குடையை நீட்டிய கையில், சீருடைச் சட்டையின் பொத்தான் மணிக்கட்டில் ஒழுங்காகப் பூட்டியிருந்தது.

அப்புறம் சார் உள்ளே வந்து குடையை மாட்டினார்.

"அவர்தான் ஓட்டினாரு" என்றார்.

"பார்த்தேன் சார்."

"சரி." அவர் திரையைப் பார்த்தார். சிவப்பு வரிகள் மேலிருந்து கீழ்வரை நின்றன. "இதெல்லாம் என்ன?"

"காரணம் இல்லாம திரும்பினது. டாக்டர்கள்கிட்ட கேக்கணும்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

அவர் வாயைத் திறந்தார். பென்சில் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு, பெருமூச்சு விட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தன் மேசை ஃபோனை எடுத்தார்.

"எந்த வார்டு?"

அவள் சொன்னாள். அவர் எண்ணை அழுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார். பென்சிலும் தன்னுடையதை எடுத்து இன்னொரு வார்டுக்கு அடித்தாள். இரண்டு பக்கமும் மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.